அப்பாவுக்கு 74 வயசு, நுரையீரல் ஆபரேஷன் சொல்றாங்க, நெட்ல போட்டா 52 சதவீதம்னு வருது, இத நம்பலாமா?

லால்குடி_மகன்:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு நாளா தூக்கம் இல்ல, அதான் இங்க வந்து கேக்குறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

அப்பா விவசாயி. இப்பவும் காலைல அஞ்சரைக்கு எந்திரிச்சு வாழத்தோப்புக்குப் போயிட்டு வந்துதான் காபி. சின்ன வயசுலேர்ந்து பீடி, 2016ல ஹார்ட்ல ஸ்டெண்ட் வச்சாங்க, அன்னிக்கு விட்டவர் திரும்ப கையால தொடல. சுகர் இருக்கு, மாத்திரைல கட்டுக்குள்ள இருக்கு. போன மாசம் கண்புரை ஆபரேஷனுக்கு முன்னாடி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க, அதுல வலது பக்கம் மேல ஒரு நிழல். அப்புறம் சிடி, ஊசி போட்டு பயாப்ஸி, அடினோகார்சினோமான்னு வந்துடுச்சு, நுரையீரல் கேன்சர்ல ஒரு வகை. கட்டி 2.8 செமீ. பெட் சிடில நெறிக்கட்டி எதுலயும் இல்ல, வேற எங்கயும் பரவல. டாக்டர் ஸ்டேஜ் 1ஏ3ன்னு எழுதிருக்கார், வலது மேல் லோபை, அதாவது வலது நுரையீரலோட மேல் பகுதிய எடுத்துடலாம்ங்குறார். மூச்சு டெஸ்ட்ல எஃப்இவி1 (ஒரு வினாடில ஊதி விடுற காத்து) 68 சதவீதம், டிஎல்சிஓ (நுரையீரல்லேர்ந்து ரத்தத்துக்குக் காத்து போற அளவு) 61 சதவீதம்.

இப்ப என் பிரச்சனை என்னன்னா, ராத்திரி நெட்ல ஒரு கால்குலேட்டர் கெடச்சுது, வயசு ஸ்டேஜ் ஆபரேஷன் எல்லாம் போட்டா அஞ்சு வருஷம் உயிரோட இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு சொல்லும். அப்பாவுக்குப் போட்டேன், 52ன்னு வந்துச்சு. அத அண்ணனுக்கு அனுப்பிட்டேன், அனுப்பிருக்கக் கூடாது. பாதிக்குப் பாதிதான்னா எதுக்கு இந்த வயசுல நெஞ்சத் தொறக்கணும், விட்ருவோம்ங்குறான். அம்மாவுக்கு இன்னும் கேன்சர்னே சொல்லல. அப்பாவுக்குத் தெரியும், அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், ஆபரேஷன் பண்ணா திரும்ப தோப்புக்குப் போக முடியுமான்னு.

இந்த 52ங்குற நம்பர் எவ்வளவு தூரம் சரி? வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் எப்படி இருக்கும்னு டாக்டருங்க எத வச்சு சொல்றாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கணக்கு_வாத்தி:

தம்பி, நான் டாக்டர் இல்ல, மருத்துவப் புள்ளியியல்ல இருக்கேன், இந்த மாதிரி கால்குலேட்டர் எப்படிச் செய்றாங்கன்னு மட்டும் எனக்குத் தெரியும். ஒரு விஷயம் கேக்கணும், அது உங்ககிட்ட என்னென்ன கேட்டுச்சு? வயச 74ன்னே போடச் சொன்னுச்சா இல்ல 70க்கு மேலன்னு ஒரே கட்டமா இருந்துச்சா? ஸ்டேஜ் 1ஏ3ன்னு தனியா இருந்துச்சா? மூச்சு டெஸ்ட் நம்பர் கேட்டுச்சா?


லால்குடி_மகன்:

சார், இப்ப திரும்பப் போய்ப் பாத்தேன். வயசு 70க்கு மேலன்னு ஒரே கட்டம்தான். ஸ்டேஜ் 1 அல்லது 2ன்னு ஒண்ணா போட்டிருக்கு. ஆணா பெண்ணா, என்ன வகை கட்டி, ஆபரேஷன் உண்டா இல்லயா. அவ்வளவுதான். மூச்சு டெஸ்ட், ஸ்டெண்ட், சுகர் எதுவுமே கேக்கல.


கணக்கு_வாத்தி:

அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். அப்ப அந்த 52 உங்க அப்பாவோட நம்பர் இல்ல தம்பி, 70லேர்ந்து 90 வரைக்கும் உள்ள எல்லாரையும், 1 செமீ கட்டி உள்ளவர்லேர்ந்து நெறிக்கட்டில பரவினவர் வரைக்கும், எல்லாரையும் ஒரே கூடைல போட்டு எடுத்த சராசரி.

ஸ்டேஜ் மட்டும் எவ்வளவு வித்தியாசம் பண்ணும்னு பாருங்க. 2025ல 9வது பதிப்பு வர்றதுக்கு முன்னாடி டாக்டருங்க வச்சிருந்த 8வது பதிப்பு ஸ்டேஜிங் இருக்கே, அது 16 நாட்டுலேர்ந்து 1999க்கும் 2010க்கும் நடுவுல நோய் தெரிஞ்ச 94,708 பேரோட விவரத்த வச்சு செஞ்சது. அதுல ஸ்கேன் வச்சு 1ஏ1ன்னு சொன்னவங்கள்ல அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது 92 சதவீதம், 1ஏ2ல 83, உங்க அப்பா இருக்குற 1ஏ3ல 77, 1பில 68, 2ஏல 60, 2பில 53. இத எல்லாம் ஒண்ணாப் போட்டு வயசானவங்கள மட்டும் எடுத்தா 52 வர்றதுல ஆச்சரியமே இல்ல. ஆனா 77ன்னு பாத்து அப்படியே நம்பிடவும் கூடாது, அது எல்லா வயசும் சேந்த கணக்கு, அதுல அம்பது வயசுக்காரங்களும் இருக்காங்க.

இன்னொண்ணு, நெட்ல கெடக்குற இந்த மாதிரி கால்குலேட்டர்ல நெறைய அமெரிக்காவோட சீர்னு ஒரு பெரிய கேன்சர் பதிவேட்ட வச்சு செஞ்சது. லட்சக்கணக்குல ஆளு இருக்கும், அதனால ஆய்வு எழுத வசதி. ஆனா அந்தப் பதிவேட்டுல பீடி சிகரெட் விவரம் கெடையாது, நுரையீரல் எவ்வளவு வேல செய்யுதுங்குறது கெடையாது, ஹார்ட் நோய் இருக்கான்னு கெடையாது. 74 வயசுல படுத்த படுக்கையா இருக்குறவரும் உங்க அப்பா மாதிரி தோப்புக்கு நடந்து போறவரும் அதுக்கு ஒரே ஆளு. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், வயசானவங்க விஷயத்துல எது முக்கியமோ அதெல்லாத்தையும் விட்டுட்டு ஒரு நம்பர மட்டும் ரெண்டு இலக்கத்துல சுத்தமா காட்டுது, பாக்குறவங்க அத ஜாதகம் மாதிரி எடுத்துக்குறாங்க.

சி-இண்டெக்ஸ்னு ஒரு அளவு உண்டு. ரெண்டு பேர எடுத்து யாரு முதல்ல போவாங்கன்னு அந்தக் கால்குலேட்டர்கிட்ட கேட்டா எத்தன தடவ சரியாச் சொல்லும்ங்குற கணக்கு. 0.5ன்னா காசு சுண்டிப் போட்ட மாதிரி, 1ன்னா ஒண்ணுகூட தப்பாது. இந்த வகைல வர்றதெல்லாம் பெரும்பாலும் 0.7ஐ ஒட்டித்தான் நிக்கும். அதாவது பத்து ஜோடில ஏழத்தான் சரியாச் சொல்லும். கூட்டத்துக்கு அது உபயோகமான கருவி, ஒரு ஆஸ்பத்திரி இன்னொரு ஆஸ்பத்திரியோட தன்னை ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒரு வீட்டுல ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு முடிவு எடுக்க அது மட்டும் போதாது.

கடைசியா ஒண்ணு, அண்ணன்கிட்ட இத கண்டிப்பா சொல்லுங்க. 52 பேர் இருக்காங்கன்னா மிச்சம் 48 பேரும் கேன்சர்ல போனாங்கன்னு அர்த்தம் இல்ல. அதுல ஹார்ட் அட்டாக், பக்கவாதம், நிமோனியா எல்லாம் அடக்கம். நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் ஆஸ்பத்திரில ஸ்டேஜ் 1ல ஆபரேஷன் பண்ணின 2,186 பேர வச்சு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு. 75ம் அதுக்கு மேலயும் உள்ளவங்கள்ல அஞ்சு வருஷத்துல நுரையீரல் கேன்சரால போனது 13.2 சதவீதம், வேற காரணத்தால போனது 9 சதவீதம். 65க்குக் கீழ அந்த வேற காரணம் 1.8தான். வயசு ஏற ஏற கேன்சர் ஒரு பக்கம் மத்த நோய் ஒரு பக்கம்னு ரெண்டும் போட்டி போடுது, அதனால கேன்சர மட்டும் பாத்தா பத்தாது.


நெல்லைக்காரன்:

எங்க மாமாவுக்கு 71ல பண்ணாங்க, இப்ப 78, நல்லா இருக்கார். பயப்படாதீங்க தம்பி.


மயக்கமருந்து_டாக்டர்:

நான் நெஞ்சு அறுவை சிகிச்சைல மயக்க மருந்து குடுக்குற டாக்டர். உங்க அப்பாவ நான் பாக்கல, அதனால பண்ணுங்க பண்ணாதீங்கன்னு சொல்ல மாட்டேன், நாங்க எப்படி யோசிக்கிறோம்ங்குறத மட்டும் சொல்றேன், அத வச்சு உங்க டாக்டர்கிட்ட கேள்வி கேளுங்க.

முதல்ல ரெண்டு கேள்வியப் பிரிச்சிடணும். ஆபரேஷனத் தாண்டி வந்துடுவாரா, இது ஒண்ணு. வந்த பிறகு எத்தன வருஷம், இது ரெண்டு. ரெண்டுக்கும் பாக்குற விஷயமே வேற. ரெண்டாவதுக்கு ஸ்டேஜ்தான் பெருசு. முதல் கேள்விக்கு ஸ்டேஜவிட நுரையீரலும் ஹார்ட்டும் காலும்தான் பெருசு. ஆமா, காலு. நடக்குற காலு.

உங்க நம்பரையே போட்டுக் காட்டுறேன். நுரையீரல்ல மொத்தம் 19 துண்டுன்னு நாங்க கணக்கு வைப்போம், வலதுல 10, இடதுல 9. வலது மேல் லோப்ல 3 துண்டு. எடுத்தா மிச்சம் 16. அப்ப 68ஐ 16ஆல பெருக்கி 19ஆல வகுத்தா 57 சொச்சம். 61க்கும் அப்படியே பண்ணா 51. இதுதான் ஆபரேஷனுக்கு அப்புறம் எதிர்பாக்குற மூச்சு சக்தி. அமெரிக்க நெஞ்சு மருத்துவர் கல்லூரி 2013ல போட்ட வழிமுறைல ரெண்டும் 60க்கு மேல இருந்தா வேற டெஸ்ட் தேவையில்ல, கம்மி ரிஸ்க். எதாவது ஒண்ணு 30க்குக் கீழ போனா சைக்கிள் மிதிக்க வச்சு ஆக்சிஜன் அளக்குற பெரிய டெஸ்ட் பண்ணணும். உங்க அப்பா நடுவுல இருக்கார், 30க்கும் 60க்கும் நடுவுல. அப்படி இருந்தா படி ஏற வச்சுப் பாக்கணும், இல்ல ஷட்டில் வாக்னு ரெண்டு கோனுக்கு நடுவுல பீப் சத்தத்துக்கு ஏத்த மாதிரி நடக்க வச்சுப் பாக்கணும். 22 மீட்டர் உயரம் ஏறிட்டாலோ, ஷட்டில்ல 400 மீட்டர் தாண்டிட்டாலோ கம்மி ரிஸ்க்தான். தாண்டலன்னா சைக்கிள் டெஸ்ட். அதுல கிலோவுக்கு நிமிஷத்துக்கு 20 மில்லிக்கு மேல ஆக்சிஜன் எடுத்தா தைரியமாப் பண்ணலாம், 10க்குக் கீழன்னா நாங்களே வேற வழி பாக்கச் சொல்லிடுவோம்.

திருச்சிப் பக்கம்ங்குறதால சொல்றேன், மலைக்கோட்டை உச்சி 83 மீட்டர்னு சொல்வாங்க, அதுல கால் பங்குக்குக் கொஞ்சம் மேல ஏறுனா இந்த 22 மீட்டர் வந்துடும். அதுக்காக நீங்களா கூட்டிட்டுப் போய் ஏத்திப் பாக்காதீங்க, ஸ்டெண்ட் வச்ச ஆளு, ஆஸ்பத்திரில விரல்ல மெஷின் மாட்டி பக்கத்துல ஆள் வச்சுத்தான் பண்ணணும்.

ஹார்ட்டுக்கு தனியா ஒரு ஸ்கோர் இருக்கு. ஏற்கனவே ஹார்ட் ரத்தக்குழாய் நோய் இருந்தா 1.5, பக்கவாதம் வந்திருந்தா 1.5, ஒரு பக்க நுரையீரல் முழுசா எடுக்குறதா இருந்தா 1.5, கிட்னி எப்படி வேல செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் 2க்கு மேலன்னா 1. நீங்க சொன்னத வச்சு அப்பாவுக்கு 1.5. 2 தொட்டா கட்டாயம் கார்டியாலஜிக்கு அனுப்பணும். தொடலன்னாலும் ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடுறவர கார்டியாலஜிஸ்ட் பாக்காம டேபிள்ல ஏத்தக் கூடாதுங்குறது என் கருத்து. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடுவார், அத எப்ப நிறுத்தணும், எத நிறுத்தவே கூடாதுன்னு அவருதான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு நிறுத்திடாதீங்க.

அடுத்து வயசு. 74ங்குறது பர்த் சர்டிபிகேட் நம்பர். நாங்க பாக்குறது உடம்பு எவ்வளவு தளர்ந்திருக்குங்குறத. ராக்வுட் ஸ்கேல்னு 1லேர்ந்து 9 வரைக்கும் ஒண்ணு இருக்கு, தன் வேலைய தானே பாக்குறவர் கீழ வருவார், எல்லாத்துக்கும் ஆள் வேணும்ங்குறவர் மேல வருவார். அதவிட எளிசா, 4 மீட்டர் நடக்க 5 வினாடிக்கு மேல ஆச்சுன்னா நடை மந்தம்னு எடுத்துக்குவோம். கைய ஊணாம நாற்காலிலேர்ந்து அஞ்சு தடவ எந்திரிக்கச் சொல்லிப் பாப்போம். ஆறு மாசத்துல எடை எவ்வளவு குறஞ்சிருக்கு, ரத்தத்துல இருக்குற அல்புமின்ங்குற புரதம் 3.5க்கு மேல இருக்கா, சாப்பிடுறாரா, ஞாபகம் எப்படி. ஜப்பான்ல அல்புமினையும் ரத்தத்துல லிம்போசைட்ங்குற வெள்ளணு எண்ணிக்கையையும் சேத்து ஒரு சத்துக் குறியீடு போடுறாங்க, அங்க எண்பது தாண்டினவங்களுக்கெல்லாம் ஆபரேஷன் பண்றதால இந்த மாதிரி விஷயத்த அவங்க ரொம்ப நுணுக்கமாப் பாக்குறாங்க. எடை குறஞ்சு கைகால் சதை கரைஞ்ச 66 வயசுக்காரர நெனச்சு நான் பயப்படுற அளவு, தெனம் நடக்குற 76 வயசுக்காரர நெனச்சுப் பயப்பட மாட்டேன்.

ஒரு முக்கியமான கேள்வி, சர்ஜன்கிட்ட கேக்கும்போது 30 நாள் இறப்பு மட்டும் கேக்காதீங்க, 90 நாள் கேளுங்க. அமெரிக்காவுல 2007லேர்ந்து 2011 வரைக்கும் நடந்த 1 லட்சத்து 24 ஆயிரத்துக்கும் மேல நுரையீரல் கேன்சர் ஆபரேஷனப் பாத்தப்போ 30 நாள்ல இறந்தது 2.8 சதவீதம், 90 நாள்ல 5.4. கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. வயசானவங்க பல பேரு ஆபரேஷன் டேபிள்லயோ ஐசியூவுலயோ போறதில்ல, வீட்டுக்குப் போன பிறகு சாப்பிடாம படுத்து நிமோனியா வந்து போறாங்க. டிஸ்சார்ஜ் ஆயிட்டா முடிஞ்சுதுன்னு நெனைக்கிறதுதான் பெரிய தப்பு.


கரூர்_சுந்தரி_அக்கா:

தம்பி, டாக்டர் சார் சொன்ன கடைசி வரிய நான் அனுபவிச்சவ. எங்க அம்மாவுக்கு 77 வயசுல இடது கீழ் லோப் எடுத்தாங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல வேண்டாம்னு இருக்கேன், ஆபரேஷன் நல்லாத்தான் பண்ணாங்க. ஆனா அதுக்கு அப்புறம் என்ன வரும்னு யாரும் எங்கள உக்கார வச்சுச் சொல்லல, எல்லாத்தையும் நாங்களா பட்டுத் தெரிஞ்சுக்கிட்டோம்.

ரெண்டாம் நாள் ராத்திரி ஐசியூவுல அம்மா என்னய அடையாளம் தெரியாம, யாருடி நீ என் நகைய எடுத்துட்டுப் போயிட்டியேன்னு கத்துனாங்க. எனக்கு உசுரே போயிடுச்சு, மூளைக்குப் பரவிடுச்சுன்னே நெனச்சு வெளிய வந்து அழுதேன். ஒரு நர்ஸ் பாப்பாதான் வந்து இது வயசானவங்களுக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குழப்பம்க்கா, கண்ணாடிய மாட்டி விடுங்க, பகல் வெளிச்சத்துல உக்கார வைங்க, பேர் சொல்லி பேசிட்டே இருங்கன்னு சொல்லுச்சு. மூணு நாள்ல சரியாச்சு. மூணாம் நாள் துடிப்பு தாறுமாறா ஓடுச்சு, அதுக்கு மருந்து ஏத்துனாங்க. நெஞ்சுல போட்ட ட்யூப்ல காத்துக் குமிழி நிக்காம வந்துட்டே இருந்துச்சு, ஒரு வாரத்துல எடுப்பாங்கன்னு சொன்ன ட்யூப் பதினோரு நாள் இருந்துச்சு.

வீட்டுக்கு வந்தா சாப்பாடு எறங்கல. வலி இருக்குறதால இருமவே பயம், சளி உள்ளயே தங்கிடும். மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து டப்பா ஒண்ணு குடுப்பாங்க, அத வெளிய ஊதக் கூடாது தம்பி, உள்ள இழுக்கணும், எங்கம்மா நாலு நாள் ஊதிட்டே இருந்தாங்க, பிசியோதெரபி பொண்ணு பாத்துட்டுத்தான் மாத்திச் சொல்லிக் குடுத்துச்சு. தலகாணிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு இருமச் சொல்லுங்க, வலி தெரியாது. முட்டை, சுண்டல், மீன் எது எறங்குதோ அத அடிக்கடி கொஞ்சமா குடுங்க, எங்கம்மா கஞ்சியே குடிச்சு ஆறு கிலோ எறங்கிட்டாங்க.

அம்மா அதுக்கப்புறம் நாலு வருஷம் இருந்தாங்க. போனது கேன்சர்ல இல்ல, ஸ்ட்ரோக். அந்த நாலு வருஷத்துல பேத்தி கல்யாணத்துக்கு முறுக்கு சுத்துனாங்க. அஞ்சு வருஷக் கணக்குல அவங்க செத்தவங்க பக்கம்தான் வருவாங்க, ஆனா எங்க வீட்டுல யாரும் ஆபரேஷன் வீணாப் போச்சுன்னு சொல்ல மாட்டோம்.


தென்காசி_குமார்:

நான் வேற பக்கத்தச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க அப்பாவுக்கு 82. கட்டி 2 செமீக்குள்ள, ஆனா எஃப்இவி1 38தான், பத்தடி நடந்தா மூச்சு வாங்கும். ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டரே சொல்லிட்டார். எஸ்பிஆர்டின்னு கட்டிய மட்டும் குறி வச்சு அதிக டோஸ்ல கொஞ்ச தடவைல கரண்ட் (கதிர்வீச்சு) குடுக்குற முறை, நாலு தடவைல முடிஞ்சுது, ஒவ்வொரு தடவையும் நடந்து போய் நடந்து வந்தார். மூணு வருஷம் ஆச்சு, கட்டி சுருங்கி தழும்பு மாதிரி இருக்கு.

ஆனா நானும் உங்கள மாதிரி ஒரு நம்பரப் பாத்து பயந்தேன். கரண்ட் வச்சவங்கள்ல மூணு வருஷத்துல 56 சதவீதம்தான் இருந்தாங்கன்னு எங்கயோ படிச்சுட்டு, அப்ப ஆபரேஷன்தான் நல்லதோ, நாம அப்பாவுக்குத் துரோகம் பண்ணிட்டமோன்னு. கணக்கு வாத்தி சார் இதப் பத்தி சொன்னா நல்லா இருக்கும்.


கணக்கு_வாத்தி:

குமார் சார், அது ஆர்டிஓஜி 0236ன்னு 2010ல வந்த ஆய்வு. 55 பேரு. மூணு வருஷத்துல உயிரோட இருந்தது 55.8 சதவீதம், சரிதான். ஆனா அதே ஆய்வுல கரண்ட் வச்ச எடத்துல கட்டி கட்டுப்பட்டது 97.6 சதவீதம். கட்டி ஜெயிக்கல சார். அதுல சேத்ததே ஆபரேஷன் பண்ண முடியாத அளவு நுரையீரலோ ஹார்ட்டோ கெட்டவங்கள மட்டும்தான், அவங்கள்ல பல பேர எடுத்தது அந்த மத்த நோய்தான். அதனால ஆபரேஷன் பண்ணவங்க நம்பரையும் கரண்ட் வச்சவங்க நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடுறது நியாயமே இல்ல, ஆரம்பத்துலயே ஆளு வேற. நீங்க அப்பாவுக்குச் செஞ்சது சரியான விஷயம்.


லால்குடி_மகன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எழுதுறப்பவே கண்ணு கலங்குது. டாக்டர் சார்கிட்ட ஒரு கேள்வி, லோப் முழுசா எடுக்காம கட்டி இருக்குற துண்டு மட்டும் எடுத்தா வயசானவருக்கு நல்லதுன்னு ஒருத்தர் சொன்னார். அது பண்ண முடியுமா?


மயக்கமருந்து_டாக்டர்:

நல்ல கேள்வி. கிட்டத்தட்ட முப்பது வருஷமா லோப் எடுக்குறதுதான் சரின்னு இருந்துச்சு, 1995ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல கொஞ்சமா எடுத்தவங்களுக்கு அதே எடத்துல திரும்ப வர்றது அதிகம்னு தெரிஞ்சதால. 2022ல ஜப்பான்லேர்ந்து ஜேசிஓஜி 0802ங்குற ஆய்வோட முடிவு வந்துச்சு, 1,106 பேரு, துண்டு மட்டும் எடுத்தவங்க அஞ்சு வருஷத்துல 94.3 சதவீதம் இருந்தாங்க, லோப் எடுத்தவங்க 91.1. இதுல கவனிக்க வேண்டியது, துண்டு எடுத்தவங்களுக்கு கட்டி அங்கயே திரும்ப வந்தது அதிகம், 10.5க்கு 5.4. ஆனாலும் அவங்கதான் அதிகம் பேரு உயிரோட இருந்தாங்க, ஏன்னா லோப் எடுத்தவங்கள்ல வேற நோயால போனவங்க ஜாஸ்தி. மிச்சம் வைக்கிற நுரையீரல் பின்னாடி வர்ற நோயத் தாங்க உதவுதோன்னு எல்லாரும் யோசிக்க ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான். அடுத்த வருஷம் அமெரிக்க ஆய்வும் ரெண்டும் சமம்னு வந்துச்சு.

ஆனா தம்பி, ரெண்டு ஆய்வுமே 2 செமீ வரைக்கும் உள்ள கட்டிக்குத்தான். உங்க அப்பாவோடது 2.8. அதனால சர்ஜன் லோப்ங்குறதுல காரணம் இருக்கு. படி டெஸ்ட்ல அப்பா மோசமா பண்ணா அப்ப துண்டா எஸ்பிஆர்டியான்னு பேசலாம். இன்னொண்ணு, எடுத்த கட்டிய ஈஜிஎஃப்ஆர்ங்குற மரபணுல மாற்றம் இருக்கான்னு பாக்குற டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்களான்னு கேட்டு வைங்க. எடுத்த பிறகு ஸ்டேஜ் 1பி அல்லது மேலன்னு வந்து அந்த மாற்றமும் இருந்தா ஓசிமெர்டினிப்னு ஒரு மாத்திரை இருக்கு. அடோரா ஆய்வுல அஞ்சு வருஷம் இருந்தவங்க மாத்திரை சாப்பிட்டதுல 88 சதவீதம், சாப்பிடாததுல 78. ஸ்கேன்ல ஒரு ஸ்டேஜ், ஆபரேஷன்ல எடுத்துப் பாத்தா வேற ஸ்டேஜ்னு மாறுறது சகஜம், அதனால உண்மையான கணிப்பு ஆபரேஷன்ல எடுத்த கட்டியோட ரிப்போர்ட் கைல வந்த அன்னிக்குத்தான் ஆரம்பிக்கும்.


லால்குடி_மகன்:

மூணு வாரம் கழிச்சு வர்றேன், சொல்லாம விட்டா தப்பாயிடும்.

கார்டியாலஜிஸ்ட் எக்கோ பாத்தார், பம்பிங் 55 சதவீதம், பண்ணலாம்னு எழுதிக் குடுத்தார், எந்த மாத்திரை எப்ப நிறுத்தணும்னு சீட்டுல எழுதிட்டார். ஷட்டில் வாக் நானே பக்கத்துல நின்னு பாத்தேன். அப்பா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, பீப் சத்தம் வேகமாக வேகமாக அவரும் எட்டிப் போடுறார். 430 மீட்டர். அந்தப் பொண்ணு போதும் தாத்தா நில்லுங்கன்னு சொல்ல வேண்டியதாச்சு. ஆக்சிஜன் 94க்குக் கீழ எறங்கல. அல்புமின் 3.9.

டாக்டர் சார் சொன்ன மாதிரி சர்ஜன்கிட்ட ரெண்டு கேள்வியாப் பிரிச்சுக் கேட்டேன். 90 நாள் கேட்டதும் அவர் பேனாவ வச்சுட்டு நிமிந்து பாத்தார். இந்த மாதிரி உடம்பு உள்ளவங்களுக்கு எங்க கைல நூத்துக்கு மூணு பேரு, அது இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்னார். அஞ்சு வருஷத்துக்கு ஒரு நம்பர் சொல்லல, எடுத்துப் பாத்துட்டு ரிப்போர்ட் வந்த பிறகு உக்காந்து பேசலாம், இப்ப சொன்னா பொய்யாயிடும்னார். எனக்கு அதக் கேட்டப்புறம்தான் நம்பிக்கை வந்துச்சு.

அண்ணன் வந்திருந்தான். வாத்தி சார் எழுதுனத ஃபோன்ல படிச்சுக் காட்டுனேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு எந்த ரூம் எடுக்கலாம்னு கேட்டான். அம்மாகிட்ட நானும் அவனும் சேந்து சொன்னோம். அழுதாங்க, அப்புறம் அப்பாவுக்கு தெனம் ரெண்டு முட்டைன்னு கணக்கு வச்சுக்கிட்டாங்க.

அப்பா கேள்விய அப்பாவே சர்ஜன்கிட்ட கேட்டார். நாலாவது வாரம் வரப்புல நடக்கலாம், தார் தூக்குறது மம்பட்டி பிடிக்கிறது மூணு மாசம் கூடாதுன்னார். மூணு மாசம் தார் தூக்க ஆள் வச்சுக்கலாம்டான்னு என்னப் பாத்துச் சொல்லிட்டு, சரி சார் பண்ணிடுங்கன்னுட்டார்.

இப்ப தெனம் காலைலயும் சாயங்காலமும் வாய்க்கா கரைல நாப்பது நிமிஷம் நடக்குறார், சுந்தரி அக்கா சொன்ன மாதிரி டப்பாவ உள்ளதான் இழுக்குறார், முதல் நாள் ஒரு பந்து ஏறுச்சு, இப்ப மூணும் ஏறுது. செவ்வாய்க்கிழமை தேதி குடுத்தாங்க, அம்மா வேண்டாம்னாங்க, புதன்கிழமைக்கு மாத்தியாச்சு. ரிப்போர்ட் வந்ததும் எழுதுறேன்.